ஒன்பதாம் எண் ஷீட்

1. ஒரு திங்கட்கிழமை காலை நிலத்துக்காரர் எனக்குப் போன் செய்து ஒரு கேள்வி கேட்டார்.
2. நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்.
3. அன்று சாயங்காலம், என் ஷீட்டுகள் விரித்திருந்த மூலையில் நாற்பத்தொரு செம்மறி ஆடுகளுக்குப் பட்டி போட்டார்கள்.
4. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் ஏழு ஆடுகள் செத்தன.
5. ஆட்டுக்காரர் தொரட்டிக் கோலால் நிலத்துக்காரரின் தோளில் அடித்தார்.
6. நிலத்துக்காரரின் மகன் மண்வெட்டிக் காம்பால் ஆட்டுக்காரரை அடித்தான். நான்கு முறை.
7. கால்நடை மருத்துவர் ஓர் ஆட்டின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்.
8. அதிலிருந்து எடுத்ததை ஆட்டுக்காரரின் மனைவி என் வாயில் திணித்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிய புகாரில் மூன்றிலிருந்து ஏழு வரை ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தன. எட்டாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் இரண்டும் புகாரில் இல்லை. அவை இல்லாததால் மூன்றாவது வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது: ஆட்டுக்காரர் யாரும் கூப்பிடாமல் அத்துமீறி நிலத்தில் ஆடுகளை ஏற்றினார், தட்டிக் கேட்டவரை அடித்தார்.

நான் சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து பிளாஸ்டிக் செய்வது என் வேலை. அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் இருக்கும் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில் மாவு வாங்குவேன். மாவைச் சலித்து எடுத்த பின் மிஞ்சும் நாரும் சக்கையும் திப்பி, அதையும் வாங்குவேன். மாவோடு தண்ணீரும் கிளிசரினும் கலந்து எக்ஸ்ட்ரூடரில் கொடுத்தால், சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்து, மறுமுனையில் மெல்லிய தாளாக வெளியே தள்ளும். சொல்வதற்கு இவ்வளவுதான். முதல் வருடம் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இரண்டாம் வருடம் மழை பட்டதும் கஞ்சியானது. மூன்றாம் வருடம், வெயிலில் மூன்று மாதம் நிற்கும் தாள் கிடைத்தது.

அதை வைத்து மல்ச்சிங் ஷீட் செய்தோம். களை முளைக்காமலும் ஈரம் போகாமலும் இருக்கப் பாத்தியின் மேல் விரிக்கிற கறுப்பு ஷீட். கடையில் கிடைப்பது பாலித்தீன். அறுவடை முடிந்து பிய்த்தெடுத்தாலும் பாதி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அடுத்த உழவில் கலப்பை நுனியில் சுற்றிக்கொண்டு வரும். எங்கள் கிழங்கு ஷீட்டை அப்படியே உழுதுவிடலாம்.

மேச்சேரிப் பக்கம் ஒரு விவசாயி தன் நிலத்தில் ஒரு மூலையைச் சோதனைக்குத் தந்தார். விவசாயிகள் கூட்டத்துக்கு எங்கள் துறைக்கு வந்திருந்தபோது பழக்கம். அந்த மூலையில் பன்னிரண்டு பாத்தி போட்டுத் தக்காளி நட்டோம். எட்டுப் பாத்தியில் கிழங்கு ஷீட். ஒப்பிட்டுப் பார்க்க நான்கு பாத்தியில் கடையில் வாங்கிய பாலித்தீன். பாத்தி எண் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே அகலம். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் எண் எழுதிய மரக்குச்சி.

தக்காளி முடிந்து செடிகளைப் பிடுங்கினோம். ஷீட்டுகள் மட்டும் மண்மேல் இருந்தன. அவை எவ்வளவு வேகமாக மக்குகின்றன என்று பார்க்க வேண்டும். அதற்காக ஜீவாமிர்தம் தெளித்தேன். சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கலந்து ஊறவைத்த கரைசல். மண்ணில் கிருமிகள் பெருக எல்லோரும் ஊற்றுவதுதான். பாலித்தீன் மக்காது என்று தெரியும். ஆனால் எட்டுக்கு மட்டும் தெளித்து நான்கை விட்டால் ஒப்பீடு நியாயமாக இருக்காது. பன்னிரண்டுக்கும் ஒரே அளவு தெளித்தேன். அளவுக் குடுவையில் அளந்து தெளித்தேன். வெல்லமும் பயறு மாவும் பாலித்தீன் மேல் காய்ந்து ஒட்டிப் பளபளத்தது. மூன்று வாரத்தில் மூன்று தடவை. நோட்டில் மூன்றுக்கும் நேரம் குறித்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை போன் வந்தபோது எக்ஸ்ட்ரூடர் ஓடிக்கொண்டிருந்தது. என் போனில் வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகும். மில்காரர்கள் சொல்லும் மாவு விவரத்தை மறக்காமலிருக்க அப்படி வைத்திருந்தேன். அதனால் இந்தப் பேச்சை நினைவிலிருந்து எழுதவில்லை.

"அம்மிணி, பட்டிக்காரரை நாந்தான் வரச் சொன்னேன். ஒரு வாரமா நம்ம காட்டுலதான் இருக்காரு. இன்னிக்குப் படலை உங்க மூலைக்குத் தள்ளோணும். ஆடு உங்க ஷீட்டை மேஞ்சுபோட்டா ஏதாச்சும் ஆகுமா?"

"அது கிழங்கு மாவுதானுங்களே. தின்னாலும் ஒண்ணும் ஆகாதுங்க. போடச் சொல்லுங்க."

"உங்க கணக்கு கெட்டுப்போகாதா?"

"எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சுங்க. ஆடு தின்னுச்சுன்னா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"போட்டோவா!" என்று சிரித்தார். பதிவில் நானும் சிரிக்கிறேன்.

பட்டி என்பதை எங்கள் ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, மூங்கில் படலால் வளைத்து, ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். படலைத் தினமும் தள்ளித் தள்ளிப் போட்டால் நிலம் முழுக்க உரமாகிவிடும். இதற்குக் காகிதம் கிடையாது. "வாங்க" என்ற ஒரு சொல்தான். கூப்பிட்டால் போவார்கள். கூப்பிடாத நிலத்தில் ஓர் ஆடு கால் வைத்தாலும் அது சண்டை.

போட்டோ அன்று இருட்டுவதற்குள் வந்தது. கொம்பில்லாத செவலை ஆடு ஒன்று, வாயோரம் கறுப்பு ஷீட் தொங்க, கேமராவைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது. அதை எங்கள் ஆய்வகக் குழுவில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். என் நெறியாளர், "கடைசி ஸ்லைடுக்கு இதை வெச்சுக்க" என்று எழுதினார். ஆட்டின் முன்னங்காலுக்குப் பக்கத்தில் மரக்குச்சி தெரிந்தது. அதில் ஒன்பது என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அதை நான் பார்க்கவில்லை. ஆட்டைத்தான் பார்த்தேன்.

இரண்டு ராத்திரி அந்த மூலையில் பட்டி இருந்தது. பிறகு நிலத்தின் வடக்குப் பக்கம் தள்ளிப் போனார்கள். சனிக்கிழமை ஓர் ஆடு மேயவில்லை, அசை போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை செத்தது. வெயிலால் என்று ஆட்டுக்காரர் நினைத்தார். திங்கட்கிழமை இரண்டு. செவ்வாய் காலை நிலத்துக்காரர் என்னைக் கூப்பிட்டார். "ஆடு வரிசையா சாவுது அம்மிணி. நீங்க வந்துருங்க." குரலில் சிரிப்பு இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. படலுக்கு வெளியே ஐந்து ஆடுகள் செத்துக் கிடந்தன. இன்னும் இரண்டு உயிரோடிருந்தன. இடது பக்க வயிறு ஊதி, முதுகெலும்புக்கு மேலே எழும்பியிருந்தது. ஒன்று பற்களை நறநறவென்று கடித்தது. அந்தச் சத்தம் பத்தடி தூரத்துக்குக் கேட்டது. இன்னொன்று கால்களை உதறி உதறி, தான் படுத்திருந்த மண்ணில் குழி பறித்துவிட்டிருந்தது.

ஆட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர். அவர் பற்கடிக்கும் ஆட்டின் மேல் முழங்காலை ஊன்றி, விலாவுக்குக் கீழே விரலால் அளந்து, மடக்குக் கத்தியைப் பிடிவரைக்கும் இறக்கினார். காற்று சீறியது. பச்சை நுரை அவர் மார்பு வரை தெறித்தது. ஆடு ஒரு முறை கத்தியது. வயிறு கொஞ்சம் வடிந்தது, பிறகு நின்றுவிட்டது. ஓட்டையை உள்ளேயிருந்து எதுவோ அடைத்தது. அவர் கத்தியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். ஆடு செத்த பிறகும் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் கையைப் பிடித்து எடுத்தார்.

நான் அவர்களை விட்டு மூலைக்கு நடந்தேன். எனக்கு எதையாவது எண்ண வேண்டும் போலிருந்தது. கிழங்கு ஷீட் இருந்த எட்டுப் பாத்தியும் வெறும் மண். அது எதிர்பார்த்ததுதான். ஒரு ஷீட்டின் எடை எனக்குத் தெரியும். எட்டையும் நாற்பத்தொரு ஆட்டுக்குப் பிரித்தால் ஒரு ஆட்டுக்கு ஓரிரு பிடி மாவு வரும், இரண்டு நாளில். அதில் ஆடு சாகாது. பிறகு மூன்றாம் எண்ணைப் பார்த்தேன். விளிம்பில் மண்ணுக்குள் புதைத்த ஓரம் மட்டும் இருந்தது. ஆறு, அப்படியே. ஒன்பது, ஒன்றுமில்லை. பன்னிரண்டில் ஒரு முழம் மிச்சம், அதில் பல் பதிந்திருந்தது, நக்கின இடம் பளிச்சென்று இருந்தது.

கிழங்கு ஷீட்டைத் தின்று பழகிய ஆட்டுக்குக் கறுப்பாக விரித்ததெல்லாம் தீனி. அதன் மேல் வெல்லம். நான் குடுவையில் அளந்து தெளித்த வெல்லம்.

அந்த இடத்தில் நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போது மணி ஒன்பது இருபது. முதல் அடி விழ இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். பயம் என்று சொன்னால் அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும். நான் பயப்படவில்லை. வயிற்றைத் திறந்து பார்க்காமல் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். முடிவு வரும் முன் வாய் திறக்கக்கூடாது என்று ஐந்து வருடமாகப் பழகியிருக்கிறேன். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வரட்டும் என்று படலுக்குத் திரும்பி வந்து நின்றேன்.

நிலத்துக்காரரின் மகன் வந்தான். முப்பது வயது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய்விட்டுச் சில வாரம் முன்புதான் திரும்பியிருந்தான். கையில் மண்வெட்டி. வாய்க்கால் மடை திருப்பப் போய்க்கொண்டிருந்தவன்.

ஆட்டுக்காரர் அவனைப் பார்த்ததும் எழுந்தார். மார்பில் பச்சை நுரை காய்ந்திருந்தது. "ஏன் தம்பி, போன வாரம் என்ன சொன்ன? ஆடு செண்டுமல்லிக்குள்ள வந்தா மருந்து வெச்சுருவேன்னு சொன்னீல்ல? வெச்சுட்டியா?"

"யோவ், பேச்சுக்குச் சொன்னதுய்யா. உன்ற ஆட்டுக்குச் சீக்கு. சீக்கு ஆட்டைக் கொண்டாந்து எங்க காட்டுல கொட்டிப்போட்டு என்னைக் கேக்கறயா?"

"சீக்கா? நேத்து வரைக்கும் குதிச்ச ஆடு சாமி இது! ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, கூப்பிட்டுத்தான வந்தோம், கூப்பிட்டு வெச்சு மருந்து வெப்பீங்களா?" இது நிலத்துக்காரரைப் பார்த்து.

வரப்பில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டிருந்தார்கள். நிலத்துக்காரர் கெட்டவரில்லை. எனக்கு ஒரு வருடம் மோர் கொடுத்தவர். மகனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். "எவன்யா உன்னைக் கூப்டது? பக்கத்துக் காட்டுக்குப் போடறன்னு சொல்லிப்போட்டு நீயா இந்தக் காட்டுல ஏத்தி உட்டீல்ல?"

இப்போது எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஆடு எதனால் செத்தது என்பது ஒன்று. இவர் சொல்வது பொய் என்பது இன்னொன்று. இரண்டாவதைத் திறந்து பார்க்க மருத்துவர் தேவையில்லை. அதையும் சொல்லவில்லை.

தொரட்டி என்பது மரக்கிளையை இழுத்து ஒடிக்கும் நீளக் கோல். நுனியில் வளைந்த அரிவாள் கட்டியிருக்கும். ஆட்டுக்காரர் கோலைத் திருப்பிப் பிடித்தார். அரிவாள் தன் பக்கம், அடிக்கட்டை வெளியே. எனக்கு இது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் புகாரில் அரிவாளால் வெட்ட வந்தார் என்று எழுதியிருந்தார்கள். அடிக்கட்டை நிலத்துக்காரரின் இடது தோளில் விழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மகன் மண்வெட்டியைத் தரையில் அடித்தான். இரும்பு கழன்று விழுந்தது, காம்பு மட்டும் கையில் வந்தது. முதல் அடி ஆட்டுக்காரரின் முழங்கை. முறிந்த சத்தம் கேட்டது. கோல் கீழே விழுந்தது. இரண்டாவது காது. மூன்றாவது, அவர் கீழே விழுந்துகொண்டிருந்தபோது முதுகில். நான்காவது முகத்தில். காம்பின் நுனியில் இரும்பைப் பிடிக்க அடித்த ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"போதும்டா! செத்துருவாண்டா!" என்று கத்தியது அவன் அப்பாதான், தோளைப் பிடித்துக்கொண்டு. வரப்பிலிருந்து இரண்டு பேர் குதித்து அவனைக் கட்டிப் பிடித்தார்கள். அவன் திமிறினான். பிறகு காம்பின் நுனியைப் பார்த்தான். வாய்க்காலோரம் போய் வாந்தி எடுத்தான்.

ஆட்டுக்காரர் கத்தவில்லை. வலது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, "ஆட்டைப் புடி, ஆட்டைப் புடி" என்று மனைவியிடம் சொன்னார். சண்டையில் படல் சரிந்து ஆடுகள் வெளியே சிதறிக்கொண்டிருந்தன. விரல்களுக்கு நடுவில் ரத்தமும் ரத்தமல்லாத ஒன்றும் வழிந்தது. என் துப்பட்டாவை மடித்துக் கட்டினேன். முடிச்சு முதல் தடவையிலேயே சரியாக விழுந்தது. அதைப் பற்றி எனக்கு இப்போதும் பெருமை இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அவரோடு அவர் மச்சினர் ஏறினார். மனைவி ஏறவில்லை. "முப்பத்திநாலு உசுரை உட்டுப்போட்டு எங்கீங்க வாரது?" என்றார். அதற்குள் கால் உதறிய ஆடும் செத்திருந்தது.

மருத்துவர் பதினொரு மணிக்கு வந்தார். அதிகம் பேசாத மனிதர். கையுறை மாட்டி, ஓர் ஆட்டை மல்லாத்தி, மார்பிலிருந்து கீழே ஒரே இழுப்பு. பெருவயிறு வெளியே சரிந்தது. அதைக் கீறியதும் எழுந்த நாற்றத்தில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முழங்கை வரை கையை விட்டு இழுத்தார். வந்தது கயிறு. அப்படித்தான் முதலில் நினைத்தேன். அசை போட்டு அசை போட்டு முறுக்கேறிய கறுப்புக் கயிறு, மண்ணும் தழையும் சுற்றியது. இழுக்க இழுக்க வந்தது. கடைசியில் பந்தாக ஒன்று, வயிற்றின் வாயை அடைத்தபடி.

"பிளாஸ்டிக்" என்றார். "யாரு போட்டது இதை?"

"கிழங்கு பிளாஸ்டிக்குதானுங்க, அது கரைஞ்சுரும்னு இவிய சொன்னாங்க" என்றார் நிலத்துக்காரர், கட்டுப் போட்ட தோளோடு, என்னைக் காட்டி.

பக்கெட் தண்ணீரில் ஒரு துண்டை அலசி இழுத்துப் பார்த்தேன். நீண்டது, அறுபடவில்லை. எங்கள் ஷீட் ஈரத்தில் விரலோடு பிய்ந்து வந்துவிடும். "இது கிழங்கு ஷீட் இல்லைங்க. பாலித்தீன். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு நான் விரிச்சது. நாலு பாத்தியில. மேல வெல்லக் கரைசலும் நாந்தான் தெளிச்சேன்."

இரண்டு மணி நேரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம்.

ஆட்டுக்காரரின் மனைவி ஒரு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். கீழே கிடந்த பந்தை இரண்டு கையாலும் எடுத்தார். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆவாதுன்னீல்ல? அந்தப் புள்ள சொல்லிருச்சு, ஒண்ணும் ஆவாது, உடுய்யான்னுதான அவரு சொன்னாரு? படிச்ச புள்ள சொல்லுதுன்னுதான உட்டோம்? இந்தா. தின்னு அம்மிணி. ஒண்ணும் ஆவாது. தின்னு!"

ஒரு கை என் பின்தலையைப் பிடித்தது. இன்னொன்று பந்தை முகத்தில் அழுத்தியது. உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. முறுக்கு வாய்க்குள் போனது, நாக்குக்கு மேலே, தொண்டை வரை. புளிப்பு. மூச்சு வரவில்லை. என்னால் தள்ளிவிட்டிருக்க முடியும். அவரைவிட எனக்குப் பலம் அதிகம். கைகளைத் தொங்கவிட்டு நின்றேன். மருத்துவர்தான் அவரை இழுத்தார். "உடும்மா. உடு. உனக்கும் கேஸ் ஆயிரும்."

அவர் கையை எடுத்தார். அழவில்லை. சரிந்த படலை நிமிர்த்தப் போனார்.

வியாழக்கிழமை சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்காரருக்கு இடது கண்ணை எடுத்தாயிற்று. முழங்கையில் மாவுக்கட்டு. முகம் கறுத்து வீங்கியிருந்தது. வலது கண்ணால் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"மிச்சம் இருக்கறது பொழைக்குமா சாமி?" என்றார்.

"அசை போடாத ஆடு இருந்தா டாக்டருகிட்டக் காட்டச் சொல்லுங்க. அசை போடறது பொழைச்சுக்கும்."

"நாலஞ்சு போடலீன்னு அவ சொன்னா." பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார். "கண்ணு போனது போச்சு. அடிச்சதுக்கு அடிச்சான், நானுந்தான் அடிச்சேன். ஆனா நான் கூப்பிடாம போகலீங்க. கூப்பிடாத காட்டுல பட்டி போட்டவன்னு எழுதிப்போட்டாங்களாமா. அப்புறம் மேச்சேரி சுத்துவட்டாரத்துல எவனும் வாங்கன்னு சொல்ல மாட்டான். முப்பத்திநாலையும் வித்துப்போட்டு, மில்லுக் கேட்டுல வாட்ச்மேனா உக்கார வேண்டியதுதான். நான் கூப்பிட்டுத்தான் போனேன்னு யாராச்சும் ஒருத்தர் சொன்னாப் போதும்."

என்னிடம் கேட்கவில்லை. பதிவைப் பற்றி அவருக்குத் தெரியாது.

நெறியாளரிடம் போய் முழுவதையும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். மெதுவாகப் பேசுகிறவர், அன்றும் மெதுவாகவே பேசினார். "போலீஸ் நம்மகிட்ட என்ன கேட்டிருக்காங்க? உங்க ஷீட் விஷமான்னு. விஷம் இல்லை. அதை எழுதிக் குடு. பொய் இல்லையே?"

"ஒப்பிடறதுக்கு விரிச்ச கண்ட்ரோல் பாலித்தீன் சார்."

"கண்ட்ரோலைப் பத்தி யாரும் கேக்கலை. மாட்டையோ ஆட்டையோ வெச்சுப் பரிசோதனை பண்ண நமக்கு அனுமதி கிடையாது. 'போடச் சொல்லுங்க'ன்னு நீ சொன்னதும், போட்டோ கேட்டதும் வெளிய வந்தா இது விபத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உன் அஞ்சு வருஷம், இந்தப் ப்ராஜெக்ட், உனக்கு அடுத்து வர்ற ரெண்டு பொண்ணுங்க, எல்லாம் நின்னுபோகும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. என் மேஜைக்கு வந்து பதிவை ஓடவிட்டேன். நாற்பத்தாறு நொடி. முதல் நொடிகளில் "நாந்தான் வரச் சொன்னேன்" என்கிறார் நிலத்துக்காரர். அடுத்து "ஒண்ணும் ஆகாதுங்க" என்கிறேன் நான். வெட்டிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். செய்யக்கூடியதுதான். நிலத்துக்காரர் குரல் வரை வைத்துக்கொண்டு என் குரலை விட்டுவிடலாம். வெட்டியும் பார்த்தேன். கேட்டேன். கேள்வியோடு அறுந்து நின்றது: ஏதாச்சும் ஆகுமா?

வெட்டியதை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஒரு பெண். முழுப் பதிவையும் இரண்டு முறை கேட்டார். போட்டோவைப் பெரிதாக்கிக் குச்சியில் எண்ணைக் காட்டினேன்.

"கோலை எப்படிப் புடிச்சிருந்தாரு?"

"அரிவாள் அவர் பக்கம். அடிக்கட்டை வெளிய."

"இதெல்லாம் நடக்கும்போது நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"எண்ணிக்கிட்டு இருந்தேன் மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதினார்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது நிலத்துக்காரரின் மகன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றான். அவனை வரச் சொல்லியிருந்தார்கள். "நீங்க அப்பவே வாயத் தொறந்திருந்தா நான் அடிச்சிருக்க மாட்டேனுங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றேன்.

இன்றைய நிலை இது. புகாரிலிருந்து அத்துமீறல் நீக்கப்பட்டுவிட்டது. ஆட்டுக்காரர் கூப்பிட்டுத்தான் போனார் என்று காகிதத்தில் இருக்கிறது. தோளில் அடித்த வழக்கும் கண் போன வழக்கும் மேட்டூர் கோர்ட்டில் நடக்கின்றன. இரண்டிலும் நான் சாட்சி. அசை போடாத ஆடுகளில் இரண்டு செத்தன, முப்பத்திரண்டு இருக்கின்றன. அவற்றுக்கு இந்த வருடம் இரண்டு பேர் பட்டி போடக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மனைவி என்னோடு பேசுவதில்லை. பல்கலைக்கழகம் என் மேல் விசாரணை வைத்து, வயல் சோதனைகளை நிறுத்தியிருக்கிறது. எனக்கு அடுத்து வந்த இரண்டு பெண்களும் வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள். கிழங்கு ஷீட் நன்றாக இருக்கிறது. அதில் குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.